இரண்டு ஊரிலும் இல்லாத பெயர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கன்வாடியில் பிள்ளைகளிடம் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அவர்களைக் கூட்டிவருகிற பெரியவர்களிடம்தான் படுவேன், அதுவும் காரணத்தோடு. வருஷத்தில் சில மாதங்கள் அந்தப் பெரியவர்களின் வாக்காளர் பட்டியலையும் என் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வீடு வீடாகப் போய் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், யார் புதிதாக வந்திருக்கிறார்கள் என்று சரிபார்க்க வேண்டும். அந்த வேலைக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்று பெயர். நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் யாருக்கும் அத்தனை நீளமாகச் சொல்லப் பொறுமையில்லை. 'ஓட்டு டீச்சர்' என்பார்கள்.

முதல் பயிற்சி வகுப்பில் ஓர் அதிகாரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பட்டியல் வேலை நடக்கிற நாட்களில் நீங்கள் உங்கள் துறையின் ஆள் இல்லை, தேர்தல் ஆணையத்தின் ஆள் என்றார். சொந்தக்காரர், சாதிக்காரர், கட்சிக்காரர் யார் சொன்னாலும் கேட்கக் கூடாது, கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும், கடமை தவறினால் சிறைவரைக்கும் போகலாம் என்றார். என் பக்கத்தில் இருந்த டீச்சர் கையிலிருந்த போண்டாவைக் கீழே வைத்துவிட்டார். நான் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தேன். எனக்குப் பயம் வரவில்லை. மாதச் சம்பளத்தைச் சொல்லவே கூச்சப்படுகிற ஓர் அங்கன்வாடிக்காரியின் எழுத்துக்கு இத்தனை மதிப்பா என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அப்படி நிமிர்ந்தவள்தான் முதல் இரண்டு வருஷமும் தவறு செய்தேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மகளுக்குக் கல்யாணம் முடிந்ததும் அப்பா ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை எடுத்து, எடுத்ததற்கான சான்றை மாப்பிள்ளை வீட்டில் கொடுத்துவிட வேண்டும். இங்கே எடுத்தால்தான் அங்கே சேர்ப்பார்கள். பீரோவும் கட்டிலும் போய்ச் சேர்ந்த பிறகு கடைசியாகப் போகிற சீர் அந்தக் காகிதம்தான். தாமதமாகக் கொடுத்த அப்பாவைச் சம்பந்தி வீட்டில் குத்திக்காட்டுவார்கள். இதே வழக்கத்தை எங்கள் ஆட்கள் ஓட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ரேஷன் கார்டு வேலை முடிந்த கையோடு, "ஓட்டுலயும் எடுத்துடுங்க டீச்சர்" என்று அங்கன்வாடி சென்டர் வாசலில் வந்து நிற்பார்கள்.

ஓட்டின் சட்டம் வேறு. ஊர் மாறினால் இங்கே எடுக்கச் சொல்லி எழுதித் தர வேண்டியதே இல்லை. போய்ச் சேர்ந்த ஊரில் எட்டாம் படிவம் கொடுத்தால் போதும். அங்கே சேரும்போது இங்கே விலகிவிடும். ஏழாம் படிவம் எடுப்பதற்கு மட்டும்தான். அதைக் கொடுத்தால் இங்கிருந்து பெயர் போகும், எங்கேயும் போய்ச் சேராது. இதை இன்று இத்தனை தெளிவாகச் சொல்கிற நான், அன்று வந்த அப்பாக்களுக்கெல்லாம் ஏழாம் படிவத்தை என் கையாலேயே நிரப்பிக் கொடுத்தேன். பட்டியல் சுத்தமாக இருக்கிறது என்று கூட்டத்தில் பாராட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பாராட்டின் லட்சணம் தேர்தல் நாளில் தெரிந்தது. பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டு, வருகிறவர்களுக்குப் பட்டியலில் வரிசை எண் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊருக்கு வாழ வந்த ஒரு பெண், ஏழு மாத வயிற்றோடு வெயிலில் நின்று என் முன்னால் வந்தாள். மாதாமாதம் எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, நான் கவனித்துவருகிற பெண்.

"அக்கா, எம் பேரு இல்லியாங்க? ஓட்டுக் கார்டு வெச்சிருக்கறேனே" என்றாள்.

இல்லை. பிறந்த ஊரில் அவள் அப்பா எடுத்துவிட்டார். இங்கே அவள் மாமியார், குழந்தை பிறக்கட்டும், பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ரேஷன் கார்டுக்கு அப்படிக் காத்திருக்கலாம். தேர்தல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் அனுப்பிவைத்த எங்கள் ஊர்ப் பெண்களும் இந்த நேரத்தில் எந்தெந்த ஊரில் இப்படித் திரும்பி நடக்கிறார்களோ என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. மேசையைவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. சென்டரில் கர்ப்பிணிகளுக்கென்று ஒரு பதிவேடு இருக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்த மருமகள் யாராக இருந்தாலும் எப்படியும் ஒருநாள் அதில் வந்துவிடுவாள். அதையும் வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் இருந்து அதில் இல்லாத பெண்களைக் கண்டுபிடித்து, மாமியார்களை ஒருவழி பண்ணி, எல்லாரையும் சேர்த்தேன். எந்த அப்பா வந்தாலும் ஏழாம் படிவத்தை எடுப்பதில்லை. பெண் போன ஊரில் சேர்த்துவிட்டார்களா என்று முதலில் கேட்பேன். ஓட்டு டீச்சர் வாய்க்காரி என்று பேர் வந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

இதெல்லாம் தெரிந்ததால்தான் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் வரவில்லை. நேராகத் தருமபுரி தேர்தல் அலுவலகத்தில் போய் ஏழாம் படிவத்தைக் கொடுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு அவர் மாமா முறை. நானும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சாமந்தியும் தக்காளியும் போடுகிற, ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ள மனிதர். ஒரே மகள். பாலக்கோட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். அந்தப் பெண் திரும்பி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஏன் வந்தாள் என்ற கேள்வி என் படிவத்தில் இல்லை, அதனால் இங்கேயும் எழுதப் போவதில்லை. தருமபுரியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். யார் கேட்டாலும் அவர், விருந்துக்கு வந்திருக்கிறது என்றே சொல்வார். ஊரும் அவருக்காகத் தலையாட்டிவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் வேறு பேசும்.

இப்போது அந்த மகளின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி அப்பாவே ஏழாம் படிவம் கொடுத்திருந்தார். காரணம், கல்யாணமாகி இடம் மாறிவிட்டார் என்று எழுதியிருந்தது. இங்கேதான் சட்டத்தின் அருமை. யாருடைய பெயரை எடுக்கச் சொல்கிறார்களோ அவரைக் கேட்காமல் எடுக்க முடியாது. அவருக்கு நோட்டீஸ் போக வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அந்த நோட்டீஸ் என் கைக்கு வந்தது. நேரில் விசாரித்து அறிக்கை தர வேண்டியதும் நான்தான்.

நான் போனபோது மாமா புளியமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சாமந்தியில் அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, பாப்பாவுக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்குதுங்க. அவ கையிலதான் குடுக்கணும்."

"எங்கிட்டக் குடும்மா. நான் குடுத்துக்கறேன்."

"உங்க கையில குடுக்கக் கூடாதுங்க."

"அது அவங்க வூட்லல்ல இருக்குது. இங்க விருந்துக்கு வந்துட்டுப் போவுது."

"எட்டு மாசமா விருந்துங்களா மாமா?"

கேட்டிருக்கக் கூடாது. என் வாய் அப்படி. பூப் பொறுக்குகிற கை நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"அந்த வூட்டோட பேச்சு நடக்குதும்மா. போன தடவ பெரியவங்கள வெச்சுப் பேசினப்ப, அவங்க எடுத்ததும் சொன்னதே இதுதான். ஓட்ட இன்னும் அப்பன் வூட்லயே வெச்சுக்கிட்டு இருக்கறவ எப்பிடிக் குடித்தனம் பண்ணுவான்னு கேட்டாங்க. நாங்க எங்க ஊர்ல சேத்துட்டோம், நீங்க அங்க எடுத்துட்டு வாங்கன்னாங்க. எடுத்தா அது பொழப்பு நேராவும்னா, எடுத்துட்டுப் போறேன். அதுல உனக்கென்னம்மா?"

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மகளை விரட்டுவதற்கு அவர் அந்தப் படிவத்தைக் கொடுக்கவில்லை. அவளை வாழவைக்கத் தன்னிடம் மிச்சமிருக்கிற ஒரே சீர் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு நிமிஷம், இடம் மாறியவர் என்று எழுதிவிட்டால்தான் என்ன என்று எனக்கே தோன்றியது. தோன்றியதை ஒளிக்க மாட்டேன்.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண்ணைப் பிடித்தேன். நோட்டீஸை நின்றபடியே முழுசாகப் படித்தாள்.

"எங்கப்பா எழுதிக் குடுத்ததுங்களா அக்கா?"

"ஆமாம் பாப்பா."

"நான் இங்கதானுங்க இருக்கறேன். கல்யாணம் பண்ணறப்ப யாரும் என்னயக் கேக்கல. இதையாவது கேக்கறாங்களே" என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கி, நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையில் கையெழுத்துப் போட்டாள். "வெசாரணைக்கு நான் வர்றேங்க. கடையில லீவு சொல்லிக்கறேன்."

பஸ் வந்தது, ஏறிவிட்டாள். நான் அந்த ஒப்புகையை மடிக்காமல் பைக்குள் வைத்தேன்.

அன்றைக்குப் பட்டியல் வேலையின் மேற்பார்வையாளர் போன் செய்தார். கெட்ட மனிதர் இல்லை, வேலை முடிந்தால் போதும் என்கிற மனிதர். "அப்பாவே குடுத்திருக்காரும்மா. குடும்ப விஷயம். இடம் மாறினவங்கன்னு போட்டு முடிங்க, இன்னும் எத்தனையோ கெடக்குது" என்றார். வீட்டில் என் வீட்டுக்காரர், "சென்டருக்கே மாமாவோட போர் தண்ணிதான் வருது, ஞாபகம் இருக்குதில்ல" என்று மட்டும் சொன்னார். எனக்கும் ஞாபகம் இருந்தது. எங்கள் சென்டருக்குக் குழாய் கிடையாது. மாமாவின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் ஓஸ் போட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம்.

நோட்டீஸ் கொடுத்த இரண்டாம் நாள் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ரிப்பேர் என்று ஆளிடம் சொல்லி அனுப்பினார்கள், ஆனால் தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் சென்டர்வரை கேட்டுக்கொண்டிருந்தது. நானும் உதவியாளரும் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து பிள்ளைகளுக்குச் சோறு பொங்கினோம். ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு வசவு மனதுக்குள் வைதேன். ஐந்தாம் நாள் பஞ்சாயத்துக்கு மனு எழுதினேன், இத்தனை வருஷம் ஏன் எழுதவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு. இப்போது சென்டருக்குச் சொந்தக் குழாய் இருக்கிறது.

அறிக்கையை நான் அவசரப்பட்டு எழுதவில்லை. ஒருவர் எந்த ஊரில் வசிக்கிறார் என்பதற்குச் சட்டம் வைத்திருக்கிற அளவுகோல் எளிமையானது. சொத்து எங்கே இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை, தாலி எந்த ஊரில் கட்டினார்கள் என்றும் பார்ப்பதில்லை. வழக்கமாக எங்கே குடியிருக்கிறார் என்றுதான் பார்க்கிறது. எங்கே சாப்பிட்டுத் தூங்குகிறார், வேலைக்குப் போனால் எந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறார் என்று நான் அதைப் புரிந்துவைத்திருக்கிறேன். பக்கத்து வீடுகள் மூன்றில் விசாரித்தேன். மூன்றிலும் அவள் இங்கேதான் இருக்கிறாள் என்றார்கள். ஒருவர் மட்டும், "நான் சொன்னேன்னு எழுதிடாதீங்க டீச்சர்" என்றார். அவரை விட்டுவிட்டு இரண்டை எழுதினேன்.

இன்னொன்றும் செய்தேன். பாலக்கோட்டுப் பக்கத்து அந்த ஊருக்கு என்னைப் போல ஒருவர் இருப்பார் அல்லவா? எந்தச் சாவடிக்கு யார் என்று தேடி நம்பர் எடுத்துப் பேசினேன். அவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"அந்தப் பேர்ல சேக்கச் சொல்லி ஒரு விண்ணப்பமும் வரலீங்க மேடம். சந்தேகத்துக்கு அந்த வூட்டுக்கே போய்க் கேட்டேன். அதெல்லாம் இப்ப என்ன அவசரம்னுட்டாங்க."

போனை வைத்ததும் எனக்குப் புரிந்தது. சேர்த்துவிட்டோம் என்று மாமாவிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். மாமா இங்கே பெயரை எடுத்துவிட்டு அங்கே போய் நின்றால், அவர்கள் அடுத்த காரணம் ஒன்றைச் சொல்லப் போகிறார்கள். இந்தப் பெண் இரண்டு ஊரிலும் இல்லாதவளாக நிற்பாள். பிள்ளைகள் மதியம் தூங்குகிற நேரத்தில் உட்கார்ந்து, பார்த்ததையும் கேட்டதையும் நாள் வாரியாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து சுமாராகத்தான் இருக்கும். அன்றைக்கு அழகாக வந்திருந்தது.

விசாரணை தருமபுரியில். மாமா வெள்ளை வேட்டி சட்டையில் ஓர் ஓரம், மகள் மறு ஓரம், நடுவில் நான். அதிகாரி வயதில் சின்னவர். படிவத்தைப் பார்த்துவிட்டு மாமாவைக் கேட்டார்.

"உங்க பொண்ணு எங்க இருக்காங்க ஐயா?"

"இங்க வந்துட்டுப் போவுதுங்க சார்."

"வந்தது எப்ப? போனது எப்ப?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி பெண்ணைப் பார்த்தார். அவள் குரல் நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை.

"காத்தால எங்கூர்ல பஸ் ஏறி வேலைக்கி வர்றேன் சார். சாயங்காலம் எங்கூர்லயே எறங்கறேன். எங்கப்பா வூட்லதான் இருக்கறேன். எடுக்க வேண்டாங்க சார்."

அதிகாரி என் அறிக்கையை எடுத்து வாய்விட்டே படித்தார். கணவர் ஊரில் இவர் பெயரைச் சேர்க்க இதுவரை எந்த விண்ணப்பமும் தரப்படவில்லை என்ற வரி வந்ததும் மாமா தலையை நிமிர்த்தினார்.

"சேத்துட்டோம்னு சொன்னாங்களே சார்."

அதிகாரி கம்ப்யூட்டரில் தேடி, திரையை அவர் பக்கம் திருப்பினார். மாநிலம் முழுக்க அந்தப் பெண்ணுக்கு இருந்தது ஒரே ஒரு பதிவு. மாமாவின் வீட்டு எண்ணுக்கு எதிரே, தந்தை பெயர் என்ற இடத்தில் மாமாவின் பெயரோடு.

"இத நான் எடுத்துட்டா உங்க பொண்ணுக்கு எந்த ஊர்லயும் பேர் இருக்காதுங்க ஐயா."

மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் அந்த ஒரு வரியைவிட்டு நகரவில்லை. அந்த வீட்டார்மேல் வரவேண்டிய கோபம் அவர் முகத்தில் வரவில்லை, அவமானம்தான் வந்தது. எனக்கு மனது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற எனக்குத் தோன்றவில்லை. விண்ணப்பம் தள்ளுபடி என்று அதிகாரி எழுதினார். பிறகு, "இந்த ரிப்போர்ட் யார் எழுதினது?" என்று கேட்டார். எதற்குத் திட்டப் போகிறாரோ என்று தயங்கியபடி கையைத் தூக்கினேன். "எல்லாரும் இப்பிடி எழுதினா எனக்கு வேலையே இருக்காதும்மா" என்றார். எனக்கு விருதெல்லாம் யாரும் கொடுத்ததில்லை. அந்த ஒரு வாக்கியத்தை இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன், கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், கேட்காதவர்களிடமும் சொல்கிறேன்.

திரும்பும்போது மூன்று பேரும் ஒரே டவுன் பஸ். எங்கள் இருவருக்கும் இலவசச் சீட்டு, மாமாவுக்கு மட்டும் காசு டிக்கெட். மகளும் நானும் முன்னால் உட்கார்ந்தோம். மாமா எங்களுக்குப் பின் சீட்டில், பையை மடியில் வைத்துக்கொண்டு. அவர் இனி என்னோடு பேசவே போவதில்லை என்று எண்ணிக்கொண்டேன். பேசாவிட்டாலும் பரவாயில்லை, செய்தது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கொஞ்சம் வருத்தத்தோடு.

நல்லம்பள்ளியில் எங்கள் ஊர்க்காரம்மா ஒருவர் காய்கறிப் பையோடு ஏறினார். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வேண்டுமென்றே நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி மாமாவைக் கேட்டார்.

"ஏனுங்க, பாப்பா எப்ப ஊருக்குப் போவுது?"

எட்டு மாதமாக அவரிடம் எல்லாரும் கேட்டுவந்த கேள்விதான். வருகிற வெள்ளிக்கிழமை, பண்டிகை முடிந்ததும், மாப்பிள்ளை வந்ததும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு நாளைச் சொல்லி வைத்திருந்தார். என் பக்கத்தில் அந்தப் பெண் மூச்சை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எந்த நாளைச் சொல்லப் போகிறாரோ என்று காதை மட்டும் பின்னால் வைத்திருந்தேன்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்கயும் போவலீங்க. இதுதான் அது ஊரு."